வேலாயுதன் எழுதாத கடிதங்கள்

24 மே 1999, திங்கள்

இன்று இருபத்தோராம் அத்தியாயம். மணிப்பூர் மலையில் ஜப்பானியர்கள் பாலத்தைத் தகர்த்தார்கள். இந்தப் பக்கத்துச் சேதம்: கீழுதடு, உள்பக்கம்.

காரணம், குண்டு விழுந்த இடத்தை நான் வாசித்த விதத்தில் விறுவிறுப்பு இல்லையாம். காரணங்களை எழுதி வைக்கும் பழக்கத்தை இரண்டு வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டேன். ஒன்றுகூட இரண்டாம் தடவை வந்ததில்லை. அந்த அளவுக்கு அவர் கற்பனை வளம் உள்ளவர்.

என் கணவர் தளவாய், மலையாள தேசத்தில், சாலை என்கிற கடைத்தெருவில் இரும்புச் சாமான் வியாபாரம். கீல், தாழ்ப்பாள், ஆணி, மண்வெட்டி. வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் தமிழ் எம்.ஏ. எனவே எனக்கு வேலை கிடைத்தது: மத்தியானம் இரண்டு மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வருவார், சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்வார், நாலு மணி வரை நான் கதை வாசிக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன் ஏதோ வாரப் பத்திரிகையில் வந்த தொடர். யாரோ வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்திருக்கிறார்கள். பழைய பேப்பர் கடை ஆறுமுகநயினார் அண்ணாச்சியிடமிருந்து வாங்கி வந்தார். இரண்டாம் உலகப்போர், சிப்பாய் வேலாயுதன், சுசீந்திரத்தில் டீச்சர் வேலை பார்க்கும் பாகீரதி, நடுவில் கடிதங்கள், அந்தக் கடிதங்களைப் பிரித்துப் படித்துக் கறுப்பு மை பூசும் ஒரு ராணுவ அதிகாரி.

இந்த நோட்டை நான் ஒளித்து வைப்பதில்லை. துவரம்பருப்பு டப்பா மேல் கிடக்கிறது. ஒருநாள் எடுத்துப் புரட்டினார்.

"இது என்னவாக்கும்?"

"பலகாரக் குறிப்பு."

வைத்துவிட்டார்.

ஐந்தாம் மாதம் நடக்கிறது. போன தடவை நாலில் போயிற்று. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், அவருடைய வலது காலால். படியில் தவறி விழுந்தாள் என்று அத்தை, அவருடைய அம்மா, ஆஸ்பத்திரியில் சொன்னார். எங்கள் வீட்டில் படி கிடையாது. உதிரம் நின்றதும் அம்பாசமுத்திரம் போனேன். மூன்றாம் நாள் அம்மா பஸ் ஏற்றிவிட்டாள். வழக்கப்படி வருகிற மகளைத்தான் வழக்கப்படி வைத்துக்கொள்ள முடியுமாம்.

ஆகையால் இந்த முறை வழக்கப்படி. ஏழாம் மாதம் வளைகாப்பு. அம்மா கட்டுச்சோறு கொண்டுவந்து அழைத்துப் போவாள். அதைத் தடுத்தால் இவர் சாலையில் தலைகாட்ட முடியாது. டாக்டர் கணக்குப்படி இன்னும் ஐம்பது நாள் சொச்சம். அதுவரை வயிற்றில் கால் படக் கூடாது. வேறு லட்சியம் எதுவும் இப்போதைக்கு இல்லை.

26 மே

கார்கிலில் விமானத் தாக்குதல் ஆரம்பம் என்று டிவியில் சொன்னார்கள். இங்கே தரைப்படை மட்டும்தான். இடது காது.

2 ஜூன்

ஒன்று கவனித்தேன். பத்து நாளாகச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சண்டை அத்தியாயம் வாசித்த நாளில் அவர் எழுந்து உட்காருகிறார். கண் சிவக்கிறது. நாலு மணிக்குள் ஏதாவது ஒரு காரணம் பிறந்துவிடும். கடித அத்தியாயம் வாசித்த நாளில் அழுகிறார். நிஜமாகவே அழுகிறார், தலையணை உறை நனைகிறது. பிறகு குழந்தை மாதிரித் தூங்கி, எழுந்து, முகம் கழுவி, என்னைத் தொடாமல் கடைக்குப் போய்விடுகிறார்.

நேற்று பாகீரதியின் கடிதத்தில் பாதி வரிகளை அதிகாரி மை பூசி அடித்துவிட்டான். இவர் விம்மினார். "கண்ணில சோரையில்லாத, இரக்கமத்த பயல்! ஒரு பொண்ணு மனசு தொறந்து எழுதுனதை இப்படியா செய்வான்?"

அப்போது என் உதட்டில் தையல் பிரிக்கவில்லை.

கதையில் இனி வருவதைப் புரட்டிப் பார்த்தேன். தொடர்ந்து நாலு அத்தியாயம் சண்டை.

3 ஜூன்

நாலு அத்தியாயம். நாலு நாள். என்ன செய்வது?

4 ஜூன்

செய்துவிட்டேன்.

இருபத்தெட்டாம் அத்தியாயத்தில் டாங்கிகள் வருகின்றன. நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, டாங்கிகளை நிறுத்திவிட்டேன். மழை பெய்யவைத்தேன். பதுங்கு குழியில் வேலாயுதனை உட்காரவைத்துக் கடிதம் எழுதச் சொன்னேன். "பாகீரதி, உன் கடிதத்தில் ஏழு வரி கறுப்பு. ஏழையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எட்டாவது வரியில் ‘மற்றபடி சௌக்கியம்’ என்றிருக்கிறது. எதற்கு மற்றபடி?"

குரல் நடுங்கியது. அவர் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார். அழுதார். தூங்கினார்.

"ஆம்பளையாப் பொறந்தா இப்படி எழுதணும், கேட்டியா?" என்றார் சட்டை மாட்டும்போது.

கேட்டேன்.

9 ஜூன்

ஐந்து நாளாக எல்லையில் அமைதி.

12 ஜூன்

ஒரு தொழில் சிக்கல். அந்த மழைக் கடிதத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். நான் வாயில் வந்ததைச் சொன்னவள், வார்த்தை நினைவில்லை. ஏழு வரியை ஒன்பது என்று சொல்லிவிட்டேன். அவர் கவனிக்கவில்லை, அத்தை கவனித்துவிட்டார். அத்தை மாடம்மாளுக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது, ஆனால் நிலைவாசலில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்பார்.

"அன்னைக்கு ஏழுன்னு வாசிச்சா. இன்னைக்கு ஒம்பதாம். அந்தப் பட்டாளத்தான் இடையில ரெண்டு வரி பூசிட்டானா?"

"அச்சுப் பிழை அத்தை."

"அச்சு எங்கேயும் நடந்து போகாது மக்ளே."

என் எழுத்துக்கு வாய்த்த முதல் விமர்சகர். இனிமேல் காலையில் பாத்திரம் துலக்கிய பிறகு, இந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டுதான் வாசிப்பு. பைண்டுக்குள் நோட்டைச் செருகிக்கொள்கிறேன். அவருக்கு அச்சும் கையெழுத்தும் ஒன்றுதான்.

21 ஜூன்

வளைகாப்புக்கு நாள் பார்க்கலாமா என்று அத்தையிடம் கேட்டேன். சிரித்தார்.

"ஏழாம் மாசம் என்ன மாசம்? ஆடியில்லா! ஆடியில எவளாவது வளை அடுக்குவாளா? எட்டு ரெட்டைப்படை, ஆகாது. ஒம்பதுல பாத்துக்கலாம்."

டாக்டர் எழுதிக்கொடுத்த வாரக் கணக்கை வைத்துக்கொண்டு நாள் எண்ணியிருக்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவள் ஆடி மாசத்தை மறந்திருக்கிறேன். முட்டாள் முண்டம். ஒன்பதாம் மாசம்னா புரட்டாசி. இன்னும் மூணு மாசம். மூணு மாசம் எப்படி — எப்படிடீ தாங்குவே?

பைண்டில் மிச்சம் ஒன்பது அத்தியாயம்தான். வேலாயுதன் முப்பத்தொன்றில் செத்துப்போகிறான்; அதற்குப் பிறகு பாகீரதி தனியாக அழுதுகொண்டிருக்கிறாள்; கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது.

போரை நீட்டிக்க வேண்டும். தளபதிகள் இதைவிட அற்பக் காரணங்களுக்காக நீட்டித்திருக்கிறார்கள்.

3 ஜூலை

முப்பத்தொன்றாம் அத்தியாயம். வேலாயுதன் சாகவில்லை. தோளில் காயம். நர்ஸ் யாரும் கிடையாது. நர்ஸ் வந்தால் இவர் பாகீரதிக்காகக் கோபப்படுவார், கோபத்தை இறக்கி வைக்க இடம் நான்தான்.

12 ஜூலை

ஒரு பரிசோதனை செய்தேன். வேலாயுதன் கடிதத்தில் அவன் அண்ணனைக் கொண்டுவந்தேன். "அண்ணன் அண்ணியை அடிக்கும்போது நான் கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டே இருப்பேன். எங்கள் வீட்டில் எப்போதும் தொட்டி நிறைந்திருக்கும். இங்கே எதிரியைச் சுடும்போதெல்லாம், சுட வேண்டிய ஆளை ஊரில் விட்டுவிட்டு வந்தேன் என்று நினைக்கிறேன்."

இவர் எழுந்து உட்கார்ந்தார். "சரியான ராட்சசனாக்கும் அந்த அண்ணன்! பெத்த தள்ளைக்குப் பொறந்தவன் பெண்ணைத் தொடுவானா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளே என்னவோ இளகியது. இளகியிருக்கக் கூடாது.

மூன்றரை மணிக்குக் காப்பியில் ஆடை இருந்தது. டம்ளரோடு முகத்தில் வீசினார். புருவத்துக்கு மேல் பிளந்தது. முடியைப் பிடித்துச் சுவரில் இரண்டு தடவை. நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன், தலையை விட்டுக்கொடுத்தேன்.

இலக்கியத்தின் பயன் என்ற தாளில் எனக்கு அறுபத்தெட்டு மார்க். திருத்தியவர் தாராளமாகப் போட்டிருக்கிறார்.

20 ஜூலை

இன்று எழுதிய கடிதம் நன்றாக வந்தது. எனக்கே பயமாக இருந்தது.

"நேற்று ஒருவனைக் குத்திக் கொன்றேன். கத்தியை இழுத்தபோது அவன் பையிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. எனக்குத் தெரியாத எழுத்து. மேலிருந்து கீழாக ஓடுகிறது. படிக்கத் தெரியாததால்தான் இன்று என்னால் சாப்பிட முடிந்தது."

அவர் அழவில்லை. ரொம்ப நேரம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அதை ஒருக்கக் கூட வாசி," என்றார்.

வாசித்தேன்.

26 ஜூலை

போர் முடிந்தது. டிவியில் சொன்னார்கள். சாலையில் கடைக்குக் கடை லட்டு. அவர் நாலு பேரோடு சேர்ந்து குடித்துவிட்டு வந்தார். வெற்றிக் களிப்பு. இடுப்பில் உதை, திரும்பிவிட்டதால் முதுகில் இறங்கியது. இரண்டு மணி நேரம் வயிற்றில் அசைவு இல்லை. சுவரோரம் படுத்து, ஒன்று, இரண்டு என்று முந்நூறையும் தாண்டி எண்ணினேன். நானூற்றுப் பதினொன்றில் உள்ளேயிருந்து ஓர் உதை. இந்த வீட்டில் நான் விரும்பி வாங்கிய ஒரே உதை.

12 ஆகஸ்ட்

எட்டாம் மாதம் நெருங்குகிறது. இப்போது கடிதங்களைக் கடையிலும் சொல்கிறாராம். ஆணி வாங்க வந்தவனுக்கெல்லாம் வேலாயுதன். "கேட்டுக்கோ, எப்படி எழுதியிருக்கான்னு." எழுதுகிறவளுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அந்தத் தொடரைப் படித்தவன் ஒருத்தன் கேட்டால் போதும். சாலை சின்ன ஊர்.

30 ஆகஸ்ட், திங்கள். அம்பாசமுத்திரம்

இந்த நோட்டு பதினைந்து நாள் என்னிடம் இல்லை. நேற்றுத்தான் கைக்கு வந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் பதினாலு, சனிக்கிழமை. இரண்டு மணிக்கு வந்தார். சாப்பாட்டில் உட்காரவில்லை.

"வேலாயுதன் செத்தாச்சு," என்றார்.

நான் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"முப்பத்தொண்ணுல செத்துட்டானாம். ஆறுமுகநயினார் அண்ணாச்சி பறஞ்சார். அவரு அந்தக் காலத்துல வாராவாரம் படிச்சவராக்கும். நான் சொன்ன கடிதம் ஒண்ணும் அதுல இல்லையாம். அப்ப இத்தனை நாளா எழுதுனவன் யாரு?"

"நான்தாங்க."

சிரித்தார். "நீயா? ஒன் மண்டையில இது வருமா? ஆம்பளை எழுதுன எழுத்தாக்கும் இது. ரத்தத்தைப் பாத்தவன் எழுதுனது. யாருடி அவன்?"

என் எழுத்தைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை இதுவரை யாரும் சொன்னதில்லை.

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவைக்கும் இடது கையை இன்னும் கொஞ்சம் முறுக்கினார். மூன்றாவதில் மணிக்கட்டுக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். வாசலில் சாத்தியிருந்த, கடை ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பியை எடுத்துவந்து குனிந்து குத்தினார். தொடையில், தோளில், விலாவில். நான் சுவரைப் பார்த்துச் சுருண்டு, வயிற்றை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன். "பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு" என்று ஒவ்வொரு குத்துக்கும். அத்தை வாசலில் நின்று, "வயித்துல வேண்டாம்ல, வயித்துல வேண்டாம்" என்று கத்தினார். அத்தை என் பக்கம் என்று அன்றுதான் தெரிந்தது. வயிற்றின் அளவுக்கு.

கையில் எண்ணெய் போட்டுத் துணி சுற்றினார்கள். ஆஸ்பத்திரி இல்லை. மறுநாள் அவருக்கு நோட்டு நினைவு வந்தது. பலகாரக் குறிப்பு எதற்கு இத்தனை தடிமன்? எடுத்துக்கொண்டு நேராக ஆறுமுகநயினார் அண்ணாச்சி கடைக்குப் போயிருக்கிறார். "இதுல அவன் பேரு இருக்கும், வாசியும்."

இனி எழுதுவது தம்பி மகேஷ்குமார் சொன்னது. அவனுக்கு அண்ணாச்சி சொன்னது.

அண்ணாச்சி நோட்டைப் பிரித்திருக்கிறார். முதல் பத்தியிலேயே என் கீழுதடு. நாலு பக்கம் மனசுக்குள் படித்துவிட்டு, சத்தமாக வாசிக்க ஆரம்பித்திருக்கிறார்: "அதிரசம். பச்சரிசி ஒரு படி ஊறவைத்து, உளுந்து கால் படி சேர்த்து..." அதிரசத்துக்கு உளுந்து எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. பிறகு முறுக்கு. கடைசிப் பக்கங்களை, தொடரில் விட்டுப்போன வாரங்கள், எங்கேயோ பார்த்து நகல் எடுத்திருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். இவர் விடவில்லை. "இல்ல, பேரு இருக்கும்." "அப்ப வச்சுட்டுப் போ தளவாய், எழுத்து பொடியா இருக்கு, வெளிச்சத்துல பாத்துச் சொல்லுதேன்." பேரு வருகிறவரை கை ஓங்காதே, பிடிபட வேண்டியவன் உஷாராகிவிடுவான் என்றும் சேர்த்திருக்கிறார். அதனால்தான் அந்தப் பதினைந்து நாள் நான் முழுசாக இருந்தேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் கல்லூரி நாளில் எழுதிய அம்பாசமுத்திரம் விலாசம் இருந்தது. அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். "என் வாயால வந்த வினை. எனக்குக் கதை தெரியும்னு காட்டிக்கிட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

அம்மா நோட்டை முழுக்கப் படித்தாள். ஓர் இடத்தில் எழுத்துப் பிழையைத் திருத்தியிருக்கிறாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வாசலில் வேன். அம்மா, தம்பி, சித்திமார் மூன்று பேர், ஏழு வகைச் சோறு. பின்னாலேயே தெருப் பெண்கள் இருபது பேர், சாலைக் கடைக்காரர்களின் வீட்டுப் பெண்கள். அண்ணாச்சி முதல்நாளே வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார். வளைக்காரி முத்தாரம்மாளும் பெட்டியோடு.

அத்தை வாசலை மறித்தார். "எட்டாம் மாசத்துல எவளாவது வளை அடுக்குவாளா?"

"நாங்க அடுக்குவோம் மதினி," என்றாள் அம்மா. "பாவம் புண்ணியம் எங்களோட போகட்டும்."

கூடத்தில் பாய் விரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். முத்தாரம்மாள் கண்ணாடி வளையல் கட்டைப் பிரித்தாள்.

"இடது கை நீட்டு மக்ளே."

நான் வலது கையை நீட்டினேன்.

"அது பொறவு. இடது."

"குளிமுறி ஈரத்துல வழுக்கி விழுந்தா," என்றார் அத்தை. "அந்தக் கையை விட்டுரு முத்தாரு."

முத்தாரம்மாள் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். கை மஞ்சளும் கறுப்புமாக, முழங்கை மாதிரிப் பருத்திருந்தது. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அவள் அவசரப்படவில்லை. இரண்டே கால் அளவு வளையல் எடுத்தாள், விரல் முட்டோடு நின்றது. இரண்டரை. இரண்டே முக்கால். பெட்டியில் இருந்ததிலேயே பெரிய வளையலை எடுத்து வைத்து அழுத்தினாள், நான் பல்லைக் கடித்தேன், வளையல் உடைந்தது.

"முப்பது வருசமா பொம்பளைக கையைப் பிடிக்கேன், மாடம்மா. வழுக்கி ஊணுன கை எனக்குத் தெரியும். இது முறுக்குன கை."

இருபது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாசலில் சர்பத் பாட்டில்களோடு நின்றுகொண்டிருந்தார். வழக்கத்துக்கு மீறி வந்தவர்களையும் உபசரிக்கத்தான் வாங்கப் போயிருக்கிறார். ஊர் முன்னால் நல்ல மனிதர். மொத்த வியாபாரி வீட்டுக்காரி ஒருத்தி எழுந்து, இலையில் கை வைக்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவள் வீட்டிலிருந்துதான் இவருக்குச் சரக்கு வருகிறது. அடுத்தவள் எழுந்தாள். அப்புறம் அடுத்தவள். ஏழு வகைச் சோறும் அப்படியே இருந்தது.

முத்தாரம்மாள் எல்லா வளையலையும் என் வலது கையில் அடுக்கினாள். முழங்கை வரை.

"அத்தான், அக்கா பெட்டி எங்க இருக்கு?" என்றான் தம்பி. இவரே உள்ளே போய் எடுத்துவந்து வேனில் ஏற்றினார். நடக்கும்போது கால் தடுக்கியது. என்னைப் பார்க்கவில்லை.

வேன் சாலைக் கடைத்தெருவைத் தாண்டிக் கிழக்கேகோட்டை முக்கில் திரும்பும்போது அம்மா என் மடியில் நோட்டைப் போட்டாள்.

1 செப்டம்பர்

கையில் மாவுக்கட்டு. இரண்டு எலும்பு. விலாவில் ஒன்று. குழந்தையின் துடிப்பு நூற்று நாற்பத்திரண்டு. டாக்டரம்மா காரணம் கேட்டாள். "புருஷன்" என்றேன். எழுதிக்கொண்டாள்.

24 அக்டோபர்

பெண். இரண்டு கிலோ நானூறு. காலால் நன்றாக உதைக்கிறாள்.

5 டிசம்பர், ஞாயிறு

நாற்பது கழிந்ததால் முறைப்படி அழைத்துப் போக வந்தார்கள். வாடகைக் கார். முன்சீட்டில் அவர், பின்னால் அத்தை, மேலே கயிறு போட்டுக் கட்டிய தொட்டில்.

பிள்ளையை வாங்கிக்கொண்டார். கழுத்துக்குக் கீழே கை கொடுத்துச் சரியாகத்தான் பிடித்தார். அழுதார். அவர் அழுதால் முன்பெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும். இன்று எழுந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

"கோவத்துல ஒரு தடவை..." என்று தம்பியிடம் ஆரம்பித்தார்.

"எந்தத் தடவை?" என்று கேட்டேன். விவரத்துக்காகத்தான் கேட்டேன்.

அத்தை, "வயித்துல நான் அடிக்க விடல்லயே மக்ளே" என்றார். அது உண்மை. ஒப்புக்கொண்டேன்.

அம்மா அடுக்களையிலிருந்து வர நேரமானது. அவள் என்ன சொல்வாளோ என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏற்றியவள். காப்பித் தட்டோடு வந்தாள். முதல் டம்ளரை வாசலில் நின்ற டிரைவருக்குக் கொடுத்தாள். இரண்டாவதை அத்தைக்கு. மூன்றாவது தட்டிலேயே இருந்தது.

"அவ வரல்ல மாப்பிள்ளை," என்றாள். "நீங்க இருட்டுறதுக்குள்ள மலை தாண்டணும்லா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தொட்டிலைப் பார்த்தேன். நல்ல தேக்கு, பித்தளைக் கொண்டி, அவர் கடைச் சரக்கு. அதை இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

தம்பியும் டிரைவரும் கயிற்றை அவிழ்த்தார்கள்.